காணாமப் போன முகம்: கோல்செஸ்டரின் ரோமக் கதை

இன்னைக்கு எபிசோடுல ஒரு கல்லறைக் கல்லை வெச்சுக்கிட்டு ஒரு ஊரோட கதைக்குள்ள போகப் போறோம். ஊர் பேர் கோல்செஸ்டர். இங்கிலாந்துல, லண்டனுக்கு வடகிழக்கே எசெக்ஸ் பகுதியில இருக்கு. தூரம் சுமார் 80 கிலோமீட்டர்.

1928-ல அங்க வேலையாட்கள் மண்ணைத் தோண்டினப்போ ஒரு பெரிய செதுக்குக் கல் கிடைச்சுது. கல்லுல ஒரு குதிரை வீரன். குதிரையோட காலுக்குக் கீழ, உடம்புல துணியில்லாம, சுருண்டு கிடக்கற ஒரு ஆள். கீழ லத்தீன் எழுத்து. அதுல இருக்கற விவரம் நம்ம ஆபீஸ் ஐடி கார்டு மாதிரி கச்சிதம்: பேர் லாங்கினஸ் ஸ்டாபெஸே, த்ரேசியர்களோட முதலாம் குதிரைப்படை, சொந்த ஊர் சார்டிகா பகுதி, வயசு 40, சர்வீஸ் 15 வருஷம். உயில்ல எழுதினபடி வாரிசுகள் இந்தக் கல்லை நட்டாங்க. சார்டிகாங்கறது இன்னைக்கு பல்கேரியாவோட தலைநகர் சோஃபியா.

எல்லாம் இருந்துச்சு. லாங்கினஸோட முகம் மட்டும் இல்லை. உடைஞ்சு போயிருந்துச்சு.

முகம் ஏன் இல்லைங்கறதுக்கு ஒரு அருமையான விளக்கமும் உடனே கிடைச்சிடுச்சு. கி.பி. 60 அல்லது 61-ல பூடிக்கான்னு ஒரு ராணி ரோமுக்கு எதிரா கிளம்பி இந்த ஊரையே கொளுத்தினாங்க. அப்போ கிளர்ச்சிக்காரங்க இடுகாட்டுக்கும் போயிருக்காங்க, ஆக்கிரமிச்சவனோட மூஞ்சியைக் கோபத்துல கொத்தி எடுத்திருக்காங்க. இதுதான் கதை. கேட்டாலே கண்ணு முன்னாடி ஓடுது இல்லையா? பல வருஷம் இதையேதான் சொல்லிட்டு இருந்தாங்க.

அந்தக் கதை என்ன ஆச்சுன்னு பின்னாடி சொல்றேன். அதுக்கு முன்னாடி, அந்த மாதிரி கோபம் வர்ற அளவுக்கு அந்த ஊர்ல என்ன நடந்துச்சுன்னு பாத்துடலாம். அதுல கதைவிடத் தேவையே இல்லை.

ரோமர்கள் வர்றதுக்கு முன்னாடியே அது சாதாரண ஊர் கிடையாது. அப்போ பேர் கமுலோடூனம். கமுலோஸ்னு ஒரு போர்க் கடவுள், அவரோட கோட்டைன்னு அர்த்தம். நம்ம நினைக்கற மாதிரி மதில் சுவர் கட்டின கோட்டை இல்லை. மைல் கணக்குல மண் கரை, அகழி, நடுவுல வயல், மேய்ச்சல் நிலம், வீடுகள், ராஜாவோட இடம். குனோபெலின்னு ஒரு ராஜா அங்கிருந்து தென்கிழக்கு பிரிட்டனோட பெரும்பகுதியை ஆண்டார். ஷேக்ஸ்பியர் சிம்பலைன்னு ஒரு நாடகம் எழுதியிருக்கார் இல்ல, அந்தப் பேர் இவரோடதுதான். அவர் வெளியிட்ட தங்கக் காசுல ஒரு பக்கம் தானியக் கதிர், பக்கத்துல ஊர் பேரோட முதல் எழுத்துகள் லத்தீன்ல. கவனிங்க, ரோமப் படை இன்னும் வரவே இல்லை, ஆனா காசுல எழுத்து லத்தீன். வியாபாரம் வழியா ரோம் ஏற்கெனவே வீட்டுக்குள்ள வந்திருந்துச்சு. ஒயினும் ஆலிவ் எண்ணெயும் பெரிய ஜாடிகள்ல வந்து இறங்கிட்டு இருந்துச்சு.

கி.பி. 43-ல பேரரசர் கிளாடியஸ் பிரிட்டன் மேல படை அனுப்பறார். இந்த மனுஷனுக்கு ஒரு வெற்றி அவசரமா தேவைப்பட்டுச்சு. உடம்புல குறை இருந்ததால சொந்தக் குடும்பமே அவரை ஒதுக்கி வெச்சிருந்தது. முந்தின பேரரசரைக் கொன்ன மெய்க்காவல் படைதான் இவரைப் பதவியில உட்கார வெச்சது. அதனால சண்டையோட கஷ்டமான பகுதியைத் தளபதிங்க முடிச்சதும் இவர் நேர்ல வந்து சேர்றார். கூட யானைகளும் வந்ததா காஸியஸ் டியோன்னு ஒரு வரலாற்றாசிரியர் எழுதியிருக்கார். கமுலோடூனத்துக்குள்ள ஊர்வலமா நுழையறார், சரணடையறவங்களை ஏத்துக்கறார், கிளம்பிடறார். பிரிட்டன்ல அவர் இருந்தது மொத்தமே 16 நாள். ரோம்ல அவருக்கு எழுப்பின வெற்றி வளைவுல, பிரிட்டனோட 11 ராஜாக்கள் அடிபணிஞ்சாங்கன்னு பொறிச்சு வெச்சாங்க. பதினாறு நாள் ட்ரிப்புக்கு இதைவிடப் பெரிய பில்டப்பை நான் எங்கயும் பாத்ததில்லை.

பேரரசர் போயாச்சு, படை போகலை. குனோபெலின் ஊர்ப் பக்கத்துல 20-வது லெஜியன் ஒரு கோட்டை கட்டி உட்கார்ந்துச்சு. நம்ம லாங்கினஸ் செத்ததும் இந்தக் காலகட்டத்துலதான். அவர் ஊர் இருந்த த்ரேஸே முழுசா ரோம மாகாணமானது கி.பி. 46-லதான். அதாவது தன்னோட நாடு ரோம் கையில போயிட்டு இருந்த அதே வருஷங்கள்ல, ரோமுக்காக இன்னொரு நாட்டைப் பிடிக்கப் போய் அங்கயே செத்திருக்கார். அந்தக் கல்லைப் பாக்கும்போது குதிரை மேல இருக்கறவன், கீழ கிடக்கறவன்னு ரெண்டு பேரைத்தான் பாக்கறோம். மேல இருக்கறவனுக்கும் ஒரு முன்கதை இருக்கு.

கி.பி. 49-ல லெஜியனை மேற்கே சண்டை நடக்கற பக்கம் நகர்த்தறாங்க. காலியான கோட்டையை என்ன பண்றது? அங்கதான் கொலோனியா வருது. கொலோனியான்னா ஓய்வு பெற்ற படைவீரர்களைக் குடியமர்த்தற ஊர். இருபது, இருபத்தஞ்சு வருஷம் சண்டை போட்டவனுக்கு ரோம் குடுக்கற ரிட்டையர்மெண்ட் பெனிஃபிட் நிலம். அந்த நிலம் எங்கிருந்து வரும்? ஏற்கெனவே அங்க உழுதுட்டு இருக்கறவன்கிட்ட இருந்துதான். ஊர் பேரையே வெற்றியோட பேர்ல வெச்சாங்க: கொலோனியா விக்ட்ரிசென்சிஸ். கோட்டையோட படைக் குடியிருப்புகளையே வீடா மாத்தி இருந்துக்கிட்டாங்க. கோட்டையைச் சுத்தி இருந்த மண் கரையைத் தட்டி, அகழியை மூடி, ஊரை அந்தப் பக்கம் நீட்டினாங்க. இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

அந்தப் பகுதியில இருந்த மக்கள் ட்ரினோவான்டீஸ். டாசிட்டஸ்னு ரோம வரலாற்றாசிரியர் சொல்றது என்னன்னா, படைவீரர்கள் அவங்களை வீட்டை விட்டு விரட்டினாங்க, நிலத்தைப் பிடுங்கினாங்க, கைதி, அடிமைன்னு கூப்பிட்டாங்க. சர்வீஸ்ல இருந்த சிப்பாய்கள் இதைத் தட்டிக் கேக்கலை, ஏன்னா நாளைக்கு நமக்கும் இதே வாய்ப்பு வரும்னு அவங்க கணக்கு. எழுதறவரே ரோமர், அதுவும் செனட்டர். அவரே இப்படி ஒத்துக்கறார்னா நிலைமையை நீங்களே யோசிச்சுக்கோங்க.

இதுக்கு மேல கோவில். 54-ல கிளாடியஸ் செத்துட்டார். ரோம் அவரைக் கடவுள்னு அறிவிச்சது. கமுலோடூனத்துல அவருக்கு மிகப் பெரிய கோவில். அதுக்குப் பூசாரிகளா உள்ளூர்ப் பெரிய மனுஷங்களைத் தேர்ந்தெடுப்பாங்க. கேக்க கௌரவமான பதவி. ஆனா விழாச் செலவெல்லாம் பூசாரி கையில இருந்து போகணும். நிலத்தைப் பிடுங்கினவனையே சாமியா கும்பிடணும், அதுக்குச் செலவும் நாமளே பண்ணணும். அந்தக் கோவில் மக்கள் கண்ணுக்கு நிரந்தர அடிமைத்தனத்தோட கோட்டை மாதிரி தெரிஞ்சுதுன்னு டாசிட்டஸ் சொல்றார். கடன் தொல்லை வேற. தத்துவ ஞானின்னு நாம படிக்கற செனெகா, பிரிட்டன்காரங்களுக்கு 4 கோடி செஸ்டெர்ஸ் கடன் குடுத்து, ஒரே அடியா திருப்பிக் கேட்டார்னு டியோ எழுதறார். டியோ இதை எழுதினது நூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு, அதனால தொகையை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

பொறி விழுந்தது பக்கத்துல. வடக்கே, இன்னைக்கு நார்ஃபோக் இருக்கற பகுதியில ஐசினின்னு ஒரு இனம். அவங்க ராஜா பிரசூடகஸ் ரோமோட நட்பா இருந்தவர். சாகும்போது சொத்தைப் பேரரசர் நீரோவுக்கும் தன் ரெண்டு பொண்ணுங்களுக்கும் சேர்த்து எழுதி வெச்சார். பாதி குடுத்தா மீதியாவது தப்பிக்கும்னு கணக்கு. ரோம அதிகாரிங்க முழுசையும் எடுத்துக்கிட்டாங்க. அவரோட மனைவி பூடிக்காவைச் சாட்டையால அடிச்சாங்க, பொண்ணுங்களைப் பாலியல் வன்கொடுமை பண்ணாங்க. ஐசினி கிளம்பினாங்க, ட்ரினோவான்டீஸ் சேர்ந்துக்கிட்டாங்க. ரெண்டு பேருக்கும் முதல் இலக்கு ஒண்ணுதான்.

ஆளுநர் சூட்டோனியஸ் பாலினஸ் பெரும்படையோட நாட்டோட அடுத்த மூலையில, ஆங்கிள்சி தீவுல இருந்தார். கொலோனியாவுல மதில் கிடையாது, நாமதான் தட்டியாச்சே! உதவி கேட்டதுக்கு நிதி அதிகாரி அனுப்பினது சரியான ஆயுதம்கூட இல்லாத 200 பேர். ஊர் உடனே விழுந்துடுச்சு. மிச்சம் இருந்தவங்க கோவிலுக்குள்ள போய்ப் பூட்டிக்கிட்டு ரெண்டு நாள் தாக்குப் பிடிச்சாங்க. காப்பாத்த வந்த 9-வது லெஜியனோட காலாட்படை வழியிலயே அழிஞ்சுது. அதுக்கப்புறம் லண்டன், அதுக்கப்புறம் வெருலேமியம், அதாவது இன்னைக்கு செயின்ட் ஆல்பன்ஸ்.

மூணு ஊர்லயும் சேர்த்து 70,000 பேர் செத்தாங்கன்னு டாசிட்டஸ் கணக்கு. கடைசிப் போர்ல பிரிட்டன் பக்கம் 80,000 பேர், ரோம் பக்கம் 400 பேர்னு இன்னொரு கணக்கு. இந்த ரெண்டாவது கணக்கைப் பாத்தாலே தெரியுது, எந்தப் பக்கத்துல உட்கார்ந்து எழுதினதுன்னு. டாசிட்டஸ் இதை எழுதினது சம்பவம் நடந்து அம்பது வருஷத்துக்கு மேல கழிச்சு. அவருக்கு ஒரு நல்ல சோர்ஸ் இருந்துச்சு, மறுக்கலை. அவரோட மாமனார் அக்ரிகோலா அப்போ பாலினஸ்கிட்ட இளம் அதிகாரியா இருந்தவர். ஆனா அதுவும் ரோமர் வாய்மொழிதான். பூடிக்கா பக்கத்துல இருந்து ஒரு வரி எழுத்துகூட நம்ம கையில இல்லை.

அதனால மண்ணைக் கேக்க வேண்டியிருக்கு.

கோல்செஸ்டர் நகர மையத்துல எங்க தோண்டினாலும், ரோம மட்டத்துல ஒரு சிவப்பும் கருப்புமான அடுக்கு வரும். சில இடத்துல அரை மீட்டர் கனம். எரிஞ்ச களிமண், கரி, சாம்பல். லண்டனுக்கு அடியிலயும் இதே மாதிரி இருக்கு. தொல்லியல்ல தேதியைக் கண்டுபிடிக்கறதுதான் பெரிய தலைவலி, இங்க ஊர் முழுக்க ஒரே டைம்ஸ்டாம்ப் அடிச்சு வெச்ச மாதிரி இருக்கு. இந்த அடுக்குக்குக் கீழ இருக்கறது எல்லாம் 60/61-க்கு முன்னாடி. மேல இருக்கறது பின்னாடி. சர்வர் லாக் படிச்சுப் பழகின எனக்கு இதைப் பாத்தா பொறாமையாதான் இருக்கு.

அந்த வீடுகள் களிமண் சுவர். களிமண் சுவர் லேசுல பத்தாது. நம்ம ஊர்ல மண் சுவர் வீடு எரிஞ்சா கூரை போகும், சுவர் நிக்கும். இங்க சுவரே செங்கல் மாதிரி வெந்து போயிருக்கு. ஒரு பந்தத்தை எறிஞ்சுட்டு ஓடினா இப்படி ஆகாது, ஒவ்வொரு கட்டடமா உட்கார்ந்து கொளுத்தியிருக்காங்கன்னு அங்க தோண்டின ஆய்வாளர்கள் சொல்றாங்க. இன்னொரு வேடிக்கை, அப்படிச் சுட்டதாலதான் அந்தச் சுவர்கள் இன்னைக்கு வரைக்கும் மண்ணுக்குள்ள நிக்குது. சுடாத களிமண்ணா இருந்தா எப்பவோ கரைஞ்சிருக்கும்.

1970-கள்ல லயன் வாக்ங்கற இடத்துல ஷாப்பிங் சென்டர் கட்டறதுக்கு முன்னாடி ஃபிலிப் க்ரம்மி தலைமையில தோண்டினாங்க. கரியான ஒரு படுக்கை கிடைச்சுது. மெத்தையோட நெசவு வரைக்கும் கரியா தங்கியிருந்துச்சு. ஊர்ல வேற இடத்துல ஒரு பாத்திரக் கடை. கால்ல, அதாவது இன்னைய ஃபிரான்ஸ்ல இருந்து வந்த பளபளப்பான சிவப்பு மண்பாண்டங்கள், கூடவே கண்ணாடிச் சாமான். விக்காத சரக்கு நெருப்புல கருத்து, கண்ணாடி உருகிக் கிடந்துச்சு. கரியான பேரீச்சம்பழமும் அத்திப்பழமும் கிடைச்சிருக்கு. பேரீச்சை பிரிட்டன்ல காய்க்காது. யாரோ ஒருத்தர், வெயில் அடிக்கற ஊர்ல பொறந்தவர், அந்தக் குளிர்ல உட்கார்ந்து இதை வரவழைச்சுச் சாப்பிட்டிருக்கார். நிலத்தைப் பிடுங்கினவங்கதான். ஆனா அந்தப் பழத்தைப் பத்திப் படிச்சதும் எனக்கு அவங்க மேல இருந்த கோபம் கொஞ்சம் தடுமாறுச்சு.

இவ்வளவு எரிஞ்ச ஊர்ல மனுஷ எலும்பு ரொம்பக் குறைச்சல். டாசிட்டஸ் கணக்குப்படி ஊரே பிணக்காடா இருக்கணும். நிறைய பேர் முன்னாடியே தப்பிச்சிருக்கலாம், அப்புறமா வந்தவங்க உடல்களை எடுத்து அடக்கம் பண்ணியிருக்கலாம். ஆனா 2014-ல ஹை ஸ்ட்ரீட்ல ஒரு பழைய பல்பொருள் அங்காடியை இடிச்சுக் கட்டினப்போ, அந்த அடுக்குல ஒரு தாடை எலும்புத் துண்டும் முழங்காலுக்குக் கீழ இருக்கற எலும்புத் துண்டும் கிடைச்சுது. ரெண்டுலயும் கனமான கத்தியோ வாளோ வெட்டின தடம். அதே இடத்துல ஒரு வீட்டுத் தரைக்கு அடியில அவசரமா தோண்டின சின்னக் குழி. அதுக்குள்ள தங்கக் காப்புகள், வெள்ளி வளையல், வெள்ளிச் சங்கிலி, கொஞ்சம் காசு, ஒரு சின்ன நகைப் பெட்டியில தங்கத் தோடும் மோதிரமும். அந்தக் கடையோட பேர்லயே ஃபென்விக் புதையல்னு சொல்றாங்க. சண்டை சத்தம் நெருங்கி வரும்போது ஒரு அம்மாவோ ஒரு வேலைக்காரப் பொண்ணோ தரையைக் கிளறி இதைப் பொதைச்சிருக்கணும். திரும்ப எடுக்க யாரும் வரலை. 1950 வருஷத்துக்கு மேல அப்படியே இருந்துச்சு.

இப்போ லாங்கினஸுக்கு வருவோம்.

1996-ல, அந்தக் கல் கிடைச்ச இடத்துலயே தொல்லியல் குழு மறுபடி தோண்டினாங்க. மண்ணுக்குள்ள இருந்து லாங்கினஸோட முகம் வெளிய வந்துச்சு. கூடவே அந்தக் கல்லோட வேற சில்லுகளும். கொத்திச் சிதைச்ச முகம் இல்லை, செதுக்கின முகம். 1928-ல வேலையாட்கள் கல்லை எடுத்தப்போ உடைஞ்சு, மண்ணோட மண்ணா தள்ளப்பட்டதுங்கற முடிவுக்குதான் வந்தாங்க. 68 வருஷமா பூடிக்கா ஆளுங்க தலையில இருந்த குற்றம், கடப்பாரை பிடிச்ச யாரோ ஒரு தொழிலாளியோட கைத்தவறு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்வாங்க இல்ல, அதுதான்.

யோசிச்சுப் பாத்தா அந்தக் கதை முன்னாடியே இடிச்சிருக்கணும். அதே இடுகாட்டுல 1868-ல இன்னொரு கல் கிடைச்சிருந்தது. 20-வது லெஜியனோட அதிகாரி ஃபாசிலிஸ், கம்பீரமா நிக்கறார். முகம் அழகா இருக்கு. கோபத்துல முகத்தைக் கொத்தற கூட்டம் அதிகாரியை விட்டுட்டுக் குதிரை வீரனை மட்டும் ஏன் கொத்தணும்? லாங்கினஸ் கல்லையே எடுத்துக்கோங்க. பிரிட்டன்காரனை நிர்வாணமா குளம்புக்கடியில போட்டு அவமானப்படுத்தற உருவம் அப்படியே இருக்கு. எனக்குக் கோபம் இருந்தா முதல்ல அதைத்தான் உடைப்பேன்.

ஒரு விஷயம் சொல்லிடணும். ரெண்டு கல்லுமே மழை, வெயில்ல அதிகம் தேயலை. அதாவது நட்ட கொஞ்ச காலத்துலயே விழுந்து மண்ணுக்குள்ள போயிருக்கு. கிளர்ச்சிக்காரங்க தள்ளி விட்டிருக்கலாம்ங்கற வாதம் இன்னும் உயிரோடதான் இருக்கு. முகத்தைக் கொத்தின சீன்தான் அவுட்.

இதே மாதிரி ஒரு தலையும் இருக்கு. 1907-ல சஃபோக் பக்கம் ஆல்ட்ங்கற ஆத்துல ஒரு பையன் கையில ஒரு வெண்கலத் தலை மாட்டுச்சு. சிலையில இருந்து பிச்செடுத்தது, கழுத்துல ஒழுங்கில்லாத வெட்டு. கமுலோடூனத்துல இருந்த கிளாடியஸ் சிலையோட தலை, கொள்ளையடிச்சுட்டுப் போய் ஆத்துல போட்டிருக்காங்கன்னு முடிவு பண்ணாங்க. பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. இப்போ அது நீரோவா இருக்கலாம்னு ஒரு வாதம் பலமா ஓடுது. கிளர்ச்சியோட தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா எந்தச் சிலை, எந்த ஊர்ங்கறது அந்தத் தலையில எழுதியில்லை.

சரி, அந்தக் கோவில் என்ன ஆச்சு? கிளர்ச்சிக்கு அப்புறம் திரும்பக் கட்டினாங்க. ரோமர்கள் போனதும் பாழாச்சு. 1070-கள்ல நார்மன்காரங்க வந்து, அதோட அடித்தளத்து மேலயே கோட்டை எழுப்பினாங்க. ரோமச் செங்கலையும் கல்லையும் பெயர்த்துப் பயன்படுத்திக்கிட்டாங்க. அடித்தளம் பெரிசு, அதனால கோட்டையும் பெரிசு. ஐரோப்பாவுல நார்மன்கள் கட்டின கோபுரக் கோட்டைகள்லயே தரைப்பரப்புல பெரியது இதுதான். காலப்போக்குல கோவிலை எல்லாரும் மறந்துட்டாங்க. உள்ளூர் மக்கள் அதைக் கோயல் ராஜாவோட அரண்மனைன்னு சொல்லிக்கிட்டாங்க. நர்சரியில பாட்டா படிச்சிருப்பீங்களே ஓல்ட் கிங் கோல், அந்த ராஜாதான்னு ஊர்க்காரங்க நம்பிக்கை. 1683-ல ஜான் வீலின்னு ஒரு இரும்பு வியாபாரி, கல்லுக்காக இடிச்சு விக்கறதுக்குன்னே கோட்டையை வாங்கினார். மேல பாதியை இடிச்சார், கீழ சுரங்கம் மாதிரி குடைஞ்சார். அடித்தளத்துக்குள்ள ரோமர்கள் அடைச்சு வெச்சிருந்த மண்ணையெல்லாம் வாரி வெளிய கொட்டினார். செலவு கட்டுப்படியாகாம விட்டுட்டார். இன்னைக்கு டூரிஸ்ட்டுகள் இறங்கிப் பாக்கற அந்த வெற்றிடம் ரோமர் கட்டின அறை இல்லை, வீலி காலி பண்ணின இடம்.

அது கிளாடியஸ் கோவிலோட அடித்தளம்னு சொன்னது மார்டிமர் வீலரும் உள்ளூர் மருத்துவர் ஃபிலிப் லேவரும், முதல் உலகப் போர் முடிஞ்ச சமயத்துல. வீலர்னு சொன்னதும் சிலருக்குப் பொறி தட்டியிருக்கும். அதே வீலர்தான். இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைமை இயக்குநரா வந்து, 1945-ல புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேட்டைத் தோண்டினவர். அங்க இத்தாலியில இருந்து வந்த சிவப்புப் பாண்ட ஓடுகளை அவரால பாத்ததுமே காலம் சொல்ல முடிஞ்சுதுன்னா, அந்தப் பழக்கம் பிரிட்டன்ல ரோம ஊர்களைத் தோண்டினதுல வந்தது. அந்த ஓடுகளை அடிப்படையா வெச்சுத் தென்னிந்தியாவோட மத்த பாண்டங்களுக்கும் காலம் குறிச்சார், அது பெரிய வேலை. ஆனா அரிக்கமேடே ரோம வியாபாரத்தால உருவான ஊர்னு எடுத்துக்கிட்டார். 1989-ல இருந்து 1992 வரைக்கும் விமலா பெக்லி குழு தோண்டினப்போ, ரோமச் சரக்கு வர்றதுக்கு முன்னாடியே அங்க ஊர் இருந்ததும், அதுக்கப்புறமும் ரொம்ப நாள் தொடர்ந்ததும் தெரிஞ்சுது. ரோம ஓட்டைத் தேடிப் போனவருக்கு ரோம ஓடுதான் பெரிசா தெரிஞ்சிருக்கு. லாங்கினஸ் கல்லுல பூடிக்காவைப் பாத்தவங்க நிலைமையும் கிட்டத்தட்ட அதேதான்.

கிளர்ச்சிக்கு அப்புறம் கோல்செஸ்டர் பாடம் படிச்சுது. முதல் வேலையா மதில். சுமார் 2.8 கிலோமீட்டர், பிரிட்டன்லயே மிகப் பழைய ரோம நகர மதில். பெரும்பகுதி இன்னும் நிக்குது. மேற்கு வாசல் பால்கெர்ன் கேட், பிரிட்டன்ல மிஞ்சியிருக்கற ரோம வாசல்கள்ல பெரியது. அதுக்கு மேலயே ஒரு பப் உட்கார்ந்திருக்கு, பேர் ஹோல் இன் தி வால். அடுத்த நூறு வருஷத்துல ஊர் செழிப்பாயிடுச்சு. 2004-ல பழைய ராணுவ முகாம் நிலத்துல சுமார் 450 மீட்டர் நீளத்துக்குத் தேரோட்டப் பந்தயத் திடல் இருந்ததைக் கண்டுபிடிச்சாங்க. பிரிட்டன்ல இதுவரைக்கும் தெரிஞ்ச ஒரே ரோமப் பந்தயத் திடல் அதுதான். 1853-ல ஒரு கல்லறையில கிடைச்ச ஜாடியில ரெண்டு கிளாடியேட்டர் சண்டை, பேர் மெம்னான், வாலன்டினஸ். பேரெல்லாம் பின்னாடி யாரோ கீறினதுன்னு நினைச்சிருந்தாங்க. 2023-ல ஆய்வு பண்ணினப்போ ஜாடி உள்ளூர்க் களிமண், எழுத்து சூளையில வைக்கறதுக்கு முன்னாடியே கீறினதுன்னு தெரிஞ்சுது. சண்டை இந்த ஊர்லயே நடந்திருக்கணும்னு இப்போ சொல்றாங்க. இன்னொரு பழைய கதை மாறிடுச்சு, பாருங்க.

பூடிக்கா கதைக்கும் ஒரு பின்குறிப்பு இருக்கு. லண்டன்ல வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்கிட்ட, பார்லிமென்ட்டுக்கு எதிர்ல, தேர் ஓட்டற பூடிக்காவோட வெண்கலச் சிலை இருக்கு. தாமஸ் தார்னிக்ராஃப்ட் செஞ்சது, 1902-ல வெச்சாங்க. தேர்ச் சக்கரத்துல பெரிய அரிவாள் கத்தி. அந்த மாதிரி கத்தி பிரிட்டன்ல எந்தத் தோண்டல்லயும் கிடைச்சதில்லை. பீடத்துல ஒரு கவிதை வரி. சீசருக்கே தெரியாத நாடுகளை உன் வம்சம் ஆளும்னு அவங்களுக்கு வாக்குக் குடுக்குது. 1902-ல அந்த நாடுகள் எதெல்லாம்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலத்தைப் பிடுங்கினதுக்காகவும் வரி, கடன் தொல்லைக்காகவும் ஒரு பேரரசுக்கு எதிரா ஊரைக் கொளுத்தின பெண்ணை, இன்னொரு பேரரசு தன்னோட பாட்டின்னு சொல்லிக்கிச்சு. ஐசினியும் ட்ரினோவான்டீஸும் என்ன கேட்டாங்கங்கறது அந்தப் பீடத்துல எங்கயும் இல்லை.

யாராவது லண்டன் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ போனீங்கன்னா, லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறினா கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்துல கோல்செஸ்டர். மியூசியம் கோட்டைக்குள்ளயே இருக்கு. ஃபென்விக் நகைகளும் அங்கதான், ஃபாசிலிஸும் அங்கதான், லாங்கினஸும் அங்கதான். முகத்தைத் திரும்ப ஒட்டி வெச்சிருக்காங்க. ஒட்டின கோடு நல்லாவே தெரியும், குனிஞ்சு பாருங்க.